அழுத்தினால் அசையும் கண்ணாடி: பிளாக்பெர்ரி ஸ்டார்ம் தோல்வியுற்ற கதை

2008 நவம்பர் 21 அன்று அமெரிக்காவின் கைபேசிச் சேவை நிறுவனமான வெரைசன் வயர்லெஸின் கடைகளில் பிளாக்பெர்ரி ஸ்டார்ம் என்ற தொடுதிரைக் கைபேசி விற்பனைக்கு வந்தபோது, கடை திறக்கும் முன்பே வாசலில் வரிசை நின்றது. இரண்டாண்டு ஒப்பந்தத்துடன் அதன் விலை 200 டாலர். அதிலும் முதலில் 250 டாலரைக் கட்டிவிட்டு, தள்ளுபடிச் சீட்டைத் தபாலில் அனுப்பி 50 டாலரைத் திரும்பப் பெற வேண்டும். முதல் மாதத்தில் ஏறத்தாழ 5 லட்சம் கைபேசிகள் விற்றதாகவும், 2009 ஜனவரி முடிவதற்குள் அந்த எண்ணிக்கை 10 லட்சத்தைத் தொட்டதாகவும் செய்திகள் வந்தன. விற்பனைக் கணக்கு இப்படி இருக்க, வாங்கியவர்களில் பலர் சில நாட்களுக்குள் அதே கடைகளுக்குத் திரும்பி வந்து, திரை உறைந்துவிடுகிறது, தானாகவே அணைந்து எழுகிறது, தட்டச்சு செய்ய முடியவில்லை என்று முறையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டார்மைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் அவசரம். ஐபோனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடியில், முழுமையாகச் சோதிக்காத ஒரு கருவியை ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் சந்தைக்குத் தள்ளிவிட்டது என்பது அந்த விளக்கத்தின் சாரம். அது பொய்யில்லை, ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், இன்னும் ஆறு மாதம் கிடைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற எண்ணம் வந்துவிடும். அப்படி நடந்திருக்காது என்றே நான் கருதுகிறேன். அந்தக் கருவியின் மிகப் பெரிய குறை அதன் பிழைகளில் இருக்கவில்லை. நிறுவனம் பெருமையோடு விளம்பரப்படுத்திய அதன் புதுமையிலேயே இருந்தது.

கனடாவின் வாட்டர்லூ நகரில் தலைமையகம் கொண்டிருந்த ரிசர்ச் இன் மோஷன், சுருக்கமாக ரிம், 1999-இல் பிளாக்பெர்ரி என்ற பெயரில் முதல் கருவியை வெளியிட்டது. அது பேச்சுக்கு உதவாத, மின்னஞ்சலுக்கு மட்டுமான பேஜர் வகைக் கருவி. வந்த அஞ்சலை நாம் தேடிப் போகாமலேயே கைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பின்னணி அமைப்பும், இரண்டு கட்டைவிரல்களால் விரைவாக அடிக்கக்கூடிய சிறிய விசைப்பலகையும் அந்த நிறுவனத்தின் இரு தூண்கள். வழக்கறிஞர்களும் வங்கியாளர்களும் அரசு அதிகாரிகளும் மேசைக்கடியில் வைத்து, பார்க்காமலேயே பதில் அடித்துவிடும் பழக்கம் அந்த விசைகளால் வந்ததுதான். போதைப்பொருளின் பெயரோடு சேர்த்து ‘கிராக்பெர்ரி’ என்று கேலியாக அழைக்கும் அளவுக்கு அது மக்களைப் பிடித்துவைத்திருந்தது. ஸ்டார்ம் வெளிவந்த அதே குளிர்காலத்தில்தான், அதிபராகத் தேர்வாகியிருந்த ஒபாமா தம் பிளாக்பெர்ரியை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று பாதுகாப்பு அதிகாரிகளோடு வாதாடிக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல விளம்பரத்தை எந்த நிறுவனமும் காசு கொடுத்து வாங்க முடியாது.

அப்படிப்பட்ட நிறுவனம் விசைப்பலகையே இல்லாத கைபேசியைச் செய்யத் துணிந்ததற்கு வெரைசன்தான் முதற்காரணம். 2007 ஜூன் 29 அன்று ஐபோன் வெளியானபோது அமெரிக்காவில் அதை விற்கும் உரிமை ஏடி அண்டு டி நிறுவனத்திடம் மட்டுமே இருந்தது. ஆப்பிள் அதற்கு முன்பே வெரைசனை அணுகியிருந்தது. நிபந்தனைகள் ஒத்துவராததால் தாங்கள் விலகிவிட்டதாக 2007 ஜனவரியில் வெரைசன் தரப்பே பத்திரிகைகளிடம் கூறியது. விலகியதன் விலை விரைவிலேயே தெரியத் தொடங்கியது. எதிராளியின் கடையில் மட்டும் கிடைக்கும் ஒரு கைபேசிக்காகத் தம் வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள் என்ற அச்சத்தில், 2007 நவம்பரில் எல்ஜி வாயேஜர் என்ற தொடுதிரைக் கைபேசியை வெரைசன் கொண்டுவந்தது. ஐபோனை அது அசைக்கவில்லை. அடுத்து ரிம்மின் பக்கம் திரும்பியது. வெரைசன் வயர்லெஸில் அப்போது 45 விழுக்காட்டுப் பங்கு வைத்திருந்த பிரிட்டனின் வோடஃபோனும் இதில் சேர்ந்துகொண்டது. வெரைசனுக்கு 9530, வோடஃபோனுக்கு 9500 என இரு வடிவங்களில் ஸ்டார்ம் உருவானதும், பிரிட்டனில் அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்னதாக, நவம்பர் 14 அன்றே அது விற்பனைக்கு வந்ததும் இந்தக் கூட்டின் விளைவு.

ரிம்மை நிறுவியவர்களில் ஒருவரும் அதன் தொழில்நுட்பத் தலைவருமான மைக் லஸாரிடிஸ், கண்ணாடியில் தட்டச்சு செய்வதை நம்பாதவர். ஐபோனில் எழுதுவது எவ்வளவு கடினம் என்று வெளிப்படையாகவே பேசியவர். ஆகவே, தொடுதிரை வேண்டும் என்று வெரைசன் கேட்டபோது ரிம் தந்த விடை, விசையின் உணர்வைக் கண்ணாடிக்குள் கொண்டுவருவதாக இருந்தது. அதற்கு ‘ஷ்யூர்பிரெஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். 3.25 அங்குலத் திரை முழுவதும் ஒரே விசையைப் போலக் கீழே அழுந்தி, ‘கிளிக்’ என்று சொடுக்கி, மீண்டும் மேலெழும். விரல் வெறுமனே பட்டால் அந்த இடத்திலுள்ள எழுத்தோ சின்னமோ ஒளிர்ந்து காட்டும். அழுத்தினால் மட்டுமே அது தேர்வாகும். கணினியில் சுட்டியை ஓரிடத்துக்கு நகர்த்துவது ஒரு செயல், சொடுக்குவது வேறொரு செயல் என்று இருப்பதை விரலுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். தாளில் எழுதிப் பார்த்தால் இது மிக நேர்த்தியான யோசனை. தவறான இடத்தில் விரல் பட்டாலும் ஒன்றும் நடக்காது. எங்கே இருக்கிறோம் என்று பார்த்து உறுதிசெய்துகொண்டு அழுத்தலாம்.

கையில் எடுத்தால் நிலைமை வேறு. முதல் ஸ்டார்மில் அந்தப் பெரிய திரைக்கு அடியில், நடுவில், ஒரே ஒரு சொடுக்கிதான் இருந்தது. அதனால் நடுப்பகுதியை அழுத்துவதற்கும் மூலையை அழுத்துவதற்கும் தேவைப்படும் அழுத்தம் ஒன்றாக இருக்கவில்லை. ஒற்றைக் காலில் நிற்கும் மேசையின் ஓரத்தில் கை வைப்பது போலத் திரை ஒரு பக்கம் சாய்ந்துதான் இறங்கியது. தட்டச்சில் அடிக்கடி தேவைப்படும் எழுத்துகளில் சில ஓரங்களில்தானே இருக்கின்றன. திரை அசைய வேண்டுமென்பதற்காக அதைச் சுற்றி விடப்பட்ட மெல்லிய இடைவெளி தூசிக்கு வழிவிட்டது. நாளடைவில் சில கருவிகளில் திரை தளர்ந்து ஆடியது. சிலவற்றில் ஒரு பகுதி அழுந்தவே மறுத்தது.

இதைவிட முக்கியமானது வேகம். விசைப்பலகையில் பழகியவர் தட்டச்சு செய்யும்போது ஒரு கட்டைவிரல் விசையிலிருந்து எழுமுன்பே மற்றது அடுத்த விசையில் இறங்கிவிடும். வேகம் என்பதே அந்த மேற்படிதலில்தான் இருக்கிறது. ஸ்டார்மில் திரை முழுவதும் ஒரே விசையாதலால், அது முழுமையாக மேலெழும் வரை இரண்டாவது எழுத்தை அடிக்க வழியில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் கண்ணாடியை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்க வேண்டும். ஒரு நீண்ட மின்னஞ்சலுக்குள் கட்டைவிரல்கள் சோர்ந்துவிடும். உலகிலேயே மிக வேகமாகக் கைபேசியில் தட்டச்சு செய்துவந்த ஒரு கூட்டத்துக்கு, அதே நிறுவனம், வேகமாக அடித்தால் வேலை செய்யாத ஒன்றைக் கொடுத்தது.

இங்கேதான் ரிம்மின் சிந்தனையில் அடிப்படையான பிசகு இருந்ததாக நான் நினைக்கிறேன். விசை நமக்கு இரண்டு செய்திகளைத் தருகிறது. ஒன்று, விரல் எந்த விசையின் மேல் இருக்கிறது என்பது; அது விளிம்புகளாலும் மேடுபள்ளங்களாலும் தெரிகிறது. மற்றது, அழுத்தம் பதிவாகிவிட்டது என்பது; அது சொடுக்கால் தெரிகிறது. பார்க்காமல் அடிக்க உதவுவது முதலாவது. ஸ்டார்மின் திரை கொடுத்தது இரண்டாவதை மட்டுமே. வழுவழுப்பான கண்ணாடியில் எழுத்து எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். பார்த்த பிறகு, அது பதிவானதும் கண்ணிலேயே தெரிந்துவிடுகிறது. அப்புறம் சொடுக்கு எதற்கு? ஆப்பிள் இந்தச் சிக்கலை எதிர்த்திசையில் அணுகியது. விரல் துல்லியமாகப் படாது என்பதை ஏற்றுக்கொண்டு, அடுத்து வரக்கூடிய எழுத்தை மென்பொருள் ஊகித்து, பிழையைத் தானே திருத்திவிடும்படி செய்தது. உணர்வைத் துறந்து வேகத்தைப் பெற்ற அந்த வழியோடு ஒப்பிட்டால், ஸ்டார்ம் வேகத்தைத் துறந்து பாதி உணர்வைப் பெற்றது.

கருவியை நிமிர்த்திப் பிடித்தபோது முழு விசைப்பலகையே கிடைக்கவில்லை என்பது எரிச்சலை இரட்டிப்பாக்கியது. ஒரு விசைக்கு இரண்டு எழுத்துகள் என்ற பழைய ‘ஷ்யூர்டைப்’ அமைப்புதான் அந்நிலையில் தோன்றியது. முழு விசைப்பலகை வேண்டுமென்றால் கருவியைப் படுக்கை வாட்டில் திருப்ப வேண்டும். திருப்பினால் திரையும் உடனே திரும்ப வேண்டுமல்லவா? சில நேரம் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பியது, சில நேரம் திரும்பவே இல்லை, வேண்டாத நேரத்தில் தானாகத் திரும்பிக்கொண்டது. நிமிர்ந்த நிலையில் முழு விசைப்பலகை பின்னாளில் வந்த மென்பொருளில்தான் கிடைத்தது.

மென்பொருளின் கதையும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். பிளாக்பெர்ரி இயங்குதளம் உருட்டுச் சக்கரத்தையும் உருட்டுப் பந்தையும் கொண்டு ஒவ்வொரு வரியாக நகர்ந்து செல்வதற்காக எழுதப்பட்டது. திரையில் எப்போதும் ஏதோ ஒன்று ‘தேர்வு நிலையில்’ இருக்கும். மெனு விசையை அழுத்தினால் அதற்குரிய கட்டளைகள் நீளமான பட்டியலாக இறங்கும். சின்னஞ்சிறு திரைக்கும் விசைக்கும் பொருத்தமாக இருந்த அந்த ஒழுங்கின் மேல் தொடுதலை ஒட்டவைத்தார்கள். பட்டியலை உருட்ட விரலை வைத்தால் அது ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துவிடும். உருட்டலோ விரலின் வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் பின்தங்கி வரும். தொடுதிரைக்காக எழுதப்படாத பழைய செயலிகளைத் திறந்தால், திரையின் கீழ்ப்பாதியில் விசைப்பலகை ஒட்டிக்கொண்டு விலகாமல் நிற்கும், செயலி மேல்பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும்.

நினைவகம் இன்னொரு தலைவலி. பெட்டிக்குள் 8 ஜிபி அட்டை வந்தது, உள்ளேயும் 1 ஜிபி இடம் இருந்தது. ஆனால் செயலிகளை அவற்றில் எதிலும் நிறுவ முடியாது. அவற்றுக்கென ஒதுக்கப்பட்டது 128 எம்பி மட்டுமே, அதிலும் பெரும்பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொண்டது. மீதமுள்ள இடம் பயன்படுத்தப் பயன்படுத்தக் கசிந்து குறையும். கருவி மந்தமாகி, கடைசியில் மணல் கடிகாரச் சின்னத்தோடு நின்றுவிடும். அப்போது பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை உருவி, மறுபடி போட வேண்டும். பிளாக்பெர்ரி பயனர்களிடையே ‘பேட்டரி புல்’ என்பது ஓர் அன்றாடச் சொல்லாகவே புழங்கியது. உருவிப் போட்ட பிறகு கருவி எழுந்துவரப் பல நிமிடங்கள் ஆகும் என்பதை அனுபவித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வைஃபை இல்லாமல் விட்டதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரிம்மின் சொந்தத் தயாரிப்பான போல்டு 9000-இல், அதே ஆண்டிலேயே, அது இருந்தது.

நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் தொழில்நுட்பப் பத்தி எழுதிவந்த டேவிட் போக், ஸ்டார்மைக் கடுமையாக விமர்சித்தார். உறைதல், தானாக மறுதொடக்கம், கேட்காத பொத்தான்கள் என்று பட்டியலிட்ட அவர், தாம் காட்டியவர்களில் அதைக் கண்டு திகைக்காதவர் எவருமில்லை என்ற பொருள்பட எழுதினார். பிளாக்பெர்ரியின் நெடுநாள் அன்பராக அறியப்பட்ட பிரிட்டிஷ் நடிகர் ஸ்டீஃபன் ஃப்ரையும் ஏமாற்றத்தோடு எழுதினார். நிறுவனத்துக்கு வலித்திருக்க வேண்டியது இரண்டாவதுதான்; பகைவரின் ஏளனத்தை ஒதுக்கிவிடலாம், பக்தரின் ஏமாற்றத்தை எப்படி ஒதுக்குவது?

அவசரத்தின் பங்கு எவ்வளவு என்பதை ரிம்மின் மற்றொரு தலைவரான ஜிம் பால்சிலி 2009 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதழிடம் ஓரளவு வெளிப்படையாகவே பேசினார். திட்டமிட்ட அக்டோபர் வெளியீடு தவறிவிட்டதையும், நன்றி தெரிவிக்கும் நாளுக்கு மறுநாள் தொடங்கும் பெரும் விற்பனைக் காலத்தை மயிரிழையில் பிடித்ததையும் அவர் ஒப்புக்கொண்டார். இவ்வளவு சிக்கலான கருவிகளைப் பெரும் எண்ணிக்கையில் செய்யும்போது தொடக்கப் பிழைகள் இனி இயல்பே என்றும் சொன்னார். பொறியியல் நோக்கில் அது முற்றிலும் தவறான பேச்சு இல்லை. அன்றைய ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் பிழைகள் இருந்தன. ஆனால் பிளாக்பெர்ரி வாங்குபவர் எதற்காகப் பணம் கொடுத்தார் என்பதை அந்தப் பேச்சு மறந்துவிட்டது. அழகுக்காகவோ விளையாட்டுக்காகவோ அதை யாரும் வாங்கவில்லை. நம்பலாம் என்பதற்காக வாங்கினார்கள்.

2008 டிசம்பர் தொடக்கத்திலேயே திருத்திய மென்பொருள் வந்தது. அது ஓரளவு உதவியது. எனினும் அக்காலத்தில் ஒவ்வொரு திருத்தமும் சேவை நிறுவனத்தின் சோதனையையும் ஒப்புதலையும் கடந்தே பயனரை அடைய வேண்டும். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள், வேறு நாட்டுச் சேவை நிறுவனங்களுக்காக உருவாகி இணையத்தில் கசிந்த பதிப்புகளைத் தரவிறக்கி, கணினியில் ‘வெண்டர்.எக்ஸ்எம்எல்’ என்ற கோப்பை அழித்துவிட்டுத் தாமே நிறுவிக்கொண்டார்கள். அந்தக் கோப்பு இருந்தால் வேறு நிறுவனத்தின் பதிப்பை நிறுவ விடாது; அழித்தால் விடும். ஒரு பதிப்பில் கேமரா சரியாகும், புளூடூத் கெடும், அடுத்ததில் தலைகீழாகும். பணம் கொடுத்து வாங்கியவர்களே ஊதியமில்லாத சோதனையாளர்களாக மாறியிருந்தார்கள். இதில் அவர்கள் ஒருவித மகிழ்ச்சியும் கண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்த கருவிகளின் அளவு பல ஆண்டுகள் கழித்தே வெளியே தெரிந்தது. ரிம்மின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்ந்து இரு கனடியப் பத்திரிகையாளர்கள் 2015-இல் வெளியிட்ட நூலின்படி, 2008-இல் அனுப்பப்பட்ட ஏறத்தாழ 10 லட்சம் ஸ்டார்ம்களில் அநேகமாக எல்லாவற்றையும் மாற்றித் தர வேண்டியிருந்தது. மாற்றித் தந்தவையும் திரும்பி வந்தன. வெரைசன் 50 கோடி டாலர் இழப்பீடு கேட்டதாகவும், கடைசியில் சுமார் 10 கோடி டாலர் அளவில் ரிம் இணங்கியதாகவும் அந்நூல் கூறுகிறது.

அவசரமே முழுக் காரணம் என்ற வாதத்தைச் சோதித்துப் பார்க்க வரலாறு ஒரு வாய்ப்பைக் கொடுத்தது. 2009 அக்டோபரில் ஸ்டார்ம் 2 வந்தது. ரிம்மிற்கு ஓர் ஆண்டு கிடைத்திருந்தது, அதை வீணாக்கவும் இல்லை. நடுவில் இருந்த ஒற்றைச் சொடுக்கியை நீக்கி, நான்கு மூலைகளிலும், மின்சாரம் பாய்ந்தால் வடிவம் சற்றே மாறும் பீசோ மின் உறுப்புகளை வைத்தார்கள். கருவி அணைந்திருக்கும்போது திரை அசையாது. இயங்கும்போது எங்கே அழுத்தினாலும் ஒரே அளவில் சொடுக்கும். இரண்டு எழுத்துகளை ஏறக்குறைய ஒரே நேரத்தில் அடிக்கவும் முடிந்தது. வைஃபை சேர்ந்தது, செயலிகளுக்கான நினைவகம் இருமடங்கானது. விமர்சகர்கள் முன்னேற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மக்கள் வாங்கவில்லை. முதல் ஸ்டார்ம் கெடுத்த பெயர் இதற்கு ஒரு காரணம் என்பதையும், விளம்பர ஆதரவு கிடைக்கவில்லை என்பதையும் மறுக்க முடியாது. ஆயினும், பிழைகள் நீங்கிய பிறகும் ஒவ்வோர் எழுத்துக்கும் கண்ணாடியை அழுத்த வேண்டியிருந்தது என்பதும், அதற்குள் கோடிக்கணக்கானோர் அழுத்தாமல் தட்டியே எழுதப் பழகிவிட்டார்கள் என்பதும் எஞ்சி நிற்கின்றன.

விளம்பர ஆதரவு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கான விடை ஸ்டார்மின் உண்மையான விளைவைக் காட்டுகிறது. ஐபோனுக்கு எதிராக நிறுத்த ஓர் ஆயுதம் இன்னமும் வெரைசனுக்குத் தேவைப்பட்டது. ரிம்மின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. ஆகவே அது கூகுளின் ஆண்ட்ராய்டோடு வந்த மோட்டோரோலா டிராய்டைக் கையிலெடுத்து, 2009 நவம்பரில், ஏறத்தாழ 10 கோடி டாலர் என்று பேசப்பட்ட விளம்பரச் செலவோடு களமிறக்கியது. அதுவரை டி-மொபைலின் ஜி1 போன்ற சிலவற்றோடு ஓரமாகக் கிடந்த ஆண்ட்ராய்டு, அமெரிக்காவில் வேர்விட்டது இந்த விளம்பரப் பெருமழையில்தான்.

ஸ்டார்ம் பிளாக்பெர்ரியைக் கொன்றுவிட்டது என்று எழுதுவோரும் உண்டு. எண்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. 2010 பிப்ரவரியில் காம்ஸ்கோர் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்கின்படி அமெரிக்க ஸ்மார்ட்போன் பயனர்களில் 42 விழுக்காட்டினர் பிளாக்பெர்ரி வைத்திருந்தார்கள். 2011 பிப்ரவரியில் முடிந்த நிதியாண்டில் ரிம்மின் வருவாய் ஏறத்தாழ 2,000 கோடி டாலர் என்ற உச்சத்தைத் தொட்டது. விற்பனை வளர்ந்துகொண்டே இருந்ததுதான் சிக்கல் என்று தோன்றுகிறது. தோல்வி கணக்கேட்டில் தெரியாதபோது அதிலிருந்து பாடம் படிக்க யாருக்கும் அவசரம் வருவதில்லை. ரிம் அங்கே படித்த பாடமும் கோணலானது: மக்களுக்கு விசைப்பலகை வேண்டும் என்று முடிவு செய்து, 2010-இல் இழுத்தால் வெளிவரும் விசைப்பலகையுடன் டார்ச் 9800-ஐக் கொண்டுவந்தது. இயங்குதளத்தை மாற்ற வேண்டும் என்ற முடிவும் அதே ஆண்டில் இயங்குதளம் தயாரிக்கும் கியூஎன்எக்ஸ் நிறுவனத்தை வாங்கியபோது எடுக்கப்பட்டதுதான். ஆனால் அதன் மேல் எழுந்த பிளாக்பெர்ரி 10 வெளியானது 2013 ஜனவரியில்.

அழுத்தத்தை உணரும் திரை என்ற எண்ணத்தையும் முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஆப்பிளே 2015-இல் ஐபோன் 6எஸ் கைபேசியில் ‘3டி டச்’ என்ற பெயரில், அழுத்தினால் கூடுதலாக ஒன்று நடக்கும் திரையை வெளியிட்டது. அங்கே அழுத்தம் விருப்பம் மட்டுமே. அழுத்தாதவருக்கு எதுவும் தடைபடாது. அப்படியிருந்தும் பலர் அதைக் கண்டுகொள்ளாததால், 2019-இல் ஐபோன் 11 வரிசையில் அது கைவிடப்பட்டது. ஸ்டார்மிலோ அழுத்தம் கட்டாயம். அழுத்தாமல் ஓர் எழுத்தும் நகராது.

ஸ்டார்ம் 3 என்ற பெயரில் எதுவும் விற்பனைக்கு வரவில்லை. 2011 ஆகஸ்டில் ரிம் அறிவித்த அடுத்த முழுத் தொடுதிரைக் கருவிகள் டார்ச் 9850, 9860 என்ற பெயர்களைத் தாங்கின. அவற்றின் திரை, மற்றெல்லாக் கைபேசிகளையும் போல, தட்டினால் போதும் என்ற சாதாரணக் கண்ணாடி. 9850-ஐ வெரைசனும் விற்றது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2011 பிப்ரவரியில், வெரைசன் கடைகளுக்கு ஐபோன் வந்து சேர்ந்திருந்தது.